பக்கத்து சீட்டுக்குப் பதில் சொல்பவர்கள்

டெல்லி ஜனக்புரித் தமிழர்கள் ஆண்டுதோறும் பொங்கல் கழிந்த சனிக்கிழமை போகும் ஒருநாள் சுற்றுலா, அந்த ஆண்டு ஆக்ராவுக்குப் பதிலாகச் சீனாவில் சுவான்ஜோ என்னும் பழைய துறைமுக நகரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. பஸ் வாடகையில் மாற்றம் இல்லை. விடியுமுன் கிளம்பியவர்கள் இரவுச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிட்டார்கள். புளியோதரைதான் கொஞ்சம் பற்றாமல் போயிற்று. நம்பாதவர்கள் சி பிளாக்கில் யார் வீட்டுக் கதவை வேண்டுமானாலும் தட்டிக் கேட்டுக்கொள்ளலாம். எல்லோரும் முதலில் புளியோதரையைப் பற்றித்தான் சொல்வார்கள். சீனா இரண்டாவதாகத்தான் வரும்.

சுற்றுலாவின் வழிகாட்டி ஞானசீலன். மார்த்தாண்டத்துக்காரன், வங்கியில் வேலை, வயது நாற்பத்துநான்கு. தங்கைமாரைக் கரையேற்றிவிட்டு நிமிர்ந்து பார்த்தபோது தலையில் பாதி முடியைக் காணோம்; அவனுக்குப் பெண் பார்க்கும் பேச்சும் அதோடு நின்றுபோயிற்று. நேரில் பேச அவனுக்கு வராது. நாலு பேர் கூடி நின்றால் ஐந்தாவதாகச் சுவரோரம் நிற்கிற ஆள். ஆனால் கையில் ஒரு மைக்கைக் கொடுத்தால் போதும், அடேயப்பா, அது வேறு மனிதன். பஸ்ஸில் டிரைவருக்குப் பக்கத்திலிருக்கும் ஒற்றை சீட்டில் உட்கார்ந்து, சீட்டுக்கடியில் ஸ்பீக்கர் பெட்டியை வைத்து, கம்பியில்லா மைக்கைப் பிடித்து அவன் தாஜ்மகாலை வர்ணிக்க ஆரம்பித்தால், மதுரா தாண்டுவதற்குள் எல்லோரும் அதைப் பார்த்து முடித்திருப்பார்கள். முழங்கால் வலிக்காரர்கள் சிலர் ஆக்ராவில் பஸ்ஸை விட்டு இறங்குவதேயில்லை. அதான் பார்த்தாச்சே என்பார்கள். எல்லாவற்றையும் சரியாகவே பார்த்திருப்பார்கள், மினாரின் விரிசல் உட்பட.

அப்படிப்பட்டவனுக்குப் பெனிட்டாவிடம் ஒரு வார்த்தை சொல்ல முடியவில்லை. பெனிட்டா முட்டம் கடற்கரைப் பெண், மேற்கு டெல்லியில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ். தம்பிகளைப் படிக்கவைத்ததில் அவளுக்கும் வயது நாற்பதைத் தொட்டுவிட்டது. நர்ஸ் என்பதால் ஊரே அவளைச் சிஸ்டர் என்று கூப்பிட்டது. இந்த மடையனும் சேர்ந்து சிஸ்டர் என்றே கூப்பிட்டுத் தொலைத்தான். ஏழு வருடம் சிஸ்டர் சிஸ்டர் என்ற வாயால் திடீரென்று வேறு என்னத்தைச் சொல்வது? போன வருடம் தாஜ்மகால் வாசலில் நின்று, "எத்தன தடவதான் சார் இந்தச் சமாதியையே பாக்கது? ஒரு நாளாவது கடல் கெடக்க ஊருக்குக் கூட்டிட்டுப் போகப்பிடாதா?" என்று அவள் கேட்டாள். விளையாட்டாகத்தான் கேட்டாள். அவன் அதைக் கட்டளையாக எடுத்துக்கொண்டு, வருடம் முழுக்கத் துறைமுகங்களைப் பற்றிப் படித்தான். படித்ததில் சுவான்ஜோ அவனைப் பிடித்துக்கொண்டது. எழுநூறு வருடத்துக்கு முன்னால் நம் வணிகர்கள் கப்பலில் போய் இறங்கிச் சிவன் கோயில் கட்டிய ஊர் அது. அந்த ஊர்த் தெருக்களெல்லாம் அவனுக்கு ஜனக்புரித் தெருக்களைவிட நன்றாகத் தெரிந்துவிட்டன. டிசம்பரில் பெனிட்டாவுக்கு அயர்லாந்தில், டப்ளின் நகரத்து ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. ஜனவரி கடைசியில் விமானம். சுற்றுலா நாளை விட்டால் அவளோடு இருக்க அவனுக்கு வேறு நாள் இல்லை.

இங்கே ஜனக்புரித் தமிழ்ச் சங்கத்தின் வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். முன்னொரு காலத்தில் இவர்கள் மதுராவில் பேடா வாங்கப் போன பெரியவர் ஒருவரை விட்டுவிட்டு வந்துவிட்டார்கள். தலை எண்ணும்போது மடிக்குழந்தைகளை ஒருத்தர் சேர்க்க, ஒருத்தர் விட, கணக்கு என்றைக்கும் தகராறுதான். அதனால் செயலாளர் சேஷன் ஒரு விதி கொண்டுவந்தார். அவர் மத்திய அமைச்சகத்தில் அண்டர் செக்ரட்டரியாக இருந்து ஓய்வு பெற்றவர், விதி இல்லாமல் அவருக்குக் காப்பி இறங்காது. பஸ் கிளம்புமுன் அவர் ஒவ்வொரு சீட்டாக வந்து "பக்கத்து சீட்டு?" என்று கேட்பார். யாரும் தன்னைப் பற்றிச் சொல்லக் கூடாது. பக்கத்தில் இருப்பவர் வந்தாயிற்றா என்றுதான் சொல்ல வேண்டும். எல்லா சீட்டும் "ஆச்சு" சொன்னால்தான் வண்டி நகரும். அருமையான விதி, அதற்குப் பிறகு யாரும் தொலையவில்லை. ஆனால் வழிகாட்டியின் ஒற்றை சீட்டுக்குப் பக்கத்து சீட்டு கிடையாது. அவனுக்காகப் பதில் சொல்ல ஆளே இல்லை என்பது இத்தனை வருடத்தில் ஒருத்தர் மூளைக்கும் எட்டவில்லை.

அன்று காலை மூடுபனி. டெல்லி ஜனவரிப் பனி என்றால் தன் கை தனக்குத் தெரியாத பனி. விரைவுச்சாலையில் ஏறியதும் டிரைவர் சுக்பீர் பையா, "பாயிசாப், குச் போல்தே ரஹோ" என்றார். பேசிக்கொண்டே இருந்தால் தூக்கம் வராது என்பது அவர் கணக்கு. ஞானசீலன் மைக்கைப் பிடித்தான். தாஜ்மகாலைத் தொடங்கத்தான் வாயைத் திறந்தான். பின் இருக்கைகளில் ஒன்றில், சேஷனின் மனைவி காமாக்ஷி மாமிக்குப் பக்கத்தில், பெனிட்டா ஜன்னலில் நெற்றியைச் சாய்த்து உட்கார்ந்திருப்பதை டிரைவரின் கண்ணாடியில் பார்த்தான். வாயில் சுவான்ஜோ வந்துவிட்டது. முதலில் உப்புக்காற்று, பிறகு ஆறு கடலில் சேரும் முகத்தில் ஒரு நீளக் கல்பாலம், வலப்பக்கம் திரும்பினால் செங்கல் வீடுகள், கூரை நுனிகள் வாலைத் தூக்கியிருக்கும் என்று சொல்லிக்கொண்டே போனான். ஒன்றும் தெரியாத சுக்பீர் அவன் சொன்ன பக்கமெல்லாம் ஸ்டியரிங்கைத் திருப்பினார். பனி விலகியபோது ஆக்ராவைக் காணோம். இடப்பக்கம் கல்பாலம் இருந்தது, வலப்பக்கம் வாலைத் தூக்கிய கூரைகள் இருந்தன, எதிரே தண்ணீர் பளபளத்தது. கடல் வந்துவிட்டது என்பதை, டோல்கேட் வந்துவிட்டது என்பதைப் போல, "சமுந்தர் ஆ கயா" என்று சொன்னார் சுக்பீர்.

எல்லோரும் ஜன்னல் கண்ணாடியைத் துடைத்து வெளியே பார்த்தார்கள். பிறகு சேஷன் எழுந்து, ஆக்ரா என்று நோட்டீஸ் போட்டாகிவிட்டது, இதற்குப் பொதுக்குழுவில் பின்னால் ஒப்புதல் வாங்க வேண்டியிருக்கும், அதுவரை நிகழ்ச்சிநிரலில் நேரம் மாறக் கூடாது என்று அறிவித்தார். அதோடு பிரச்சினை தீர்ந்தது. வெயில் இதமாக இருந்ததால் எல்லோரும் மங்கி குல்லாயைக் கழற்றினார்கள். தாஜ்மகாலுக்கு ஒதுக்கிய நேரத்தில் கையுவான் என்னும் பெரிய புத்தர் கோயிலைப் பார்த்தார்கள். அதன் இரண்டு கல்கோபுரங்களையும் ஞானசீலன் மைக்கில் முதலில் சொன்னான், அவை பிறகு வந்தன. மண்டபத்தின் பின்பக்கத்து இரண்டு தூண்களில் நரசிம்மரும் கண்ணனும் இருந்தார்கள். சேஷன் தூணைக் கட்டிக்கொண்டு, "காமு, நம்ம பெருமாள்டீ! இங்க வந்து என்ன பண்ணிண்டிருக்கார் பாரு!" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். முப்பத்தைந்து வருட சர்வீஸில் அவர் இப்படிக் குரல் தழுதழுத்து யாரும் பார்த்ததில்லை. காமாக்ஷி மாமி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அவளுக்கு அப்போது பெருமாளைவிட அவசரமாக வேறொன்று வேண்டியிருந்தது. "ஏண்டாப்பா ஞானசீலா, ஊரெல்லாம் சொன்னியே, பாத்ரூம் சொன்னியோ?" என்றாள். அவன் சொல்ல மறந்துவிட்டிருந்தான். அதனால் ஊரில் எங்கேயும் இல்லை. மைக்கை எடுத்து, இடப்பக்கம் ஆலமரத்தை அடுத்துப் பெண்களுக்குத் தனியாக, தண்ணீர் வசதியுடன், என்று அறிவித்தான். இருந்தது. சுத்தமாகவும் இருந்தது. அன்று முழுக்கச் சங்கத்துப் பெண்கள் அவனை வாயாரப் புகழ்ந்தது நரசிம்மருக்காக அல்ல.

மதியச் சாப்பாடு கல்பாலத்தில். அலை அடித்துப் பாலம் அசையாமலிருக்க, அதன் அடிக்கற்களில் ஆளி என்னும் சிப்பிகளை வளர்த்து, அவற்றின் ஓடுகளால் கல்லோடு கல்லை ஒட்டவைத்தார்கள் என்று ஞானசீலன் விளக்கினான். பெண்கள் எட்டிப் பார்த்து, நல்ல யோசனை, நம் பால்கனி ஒழுகலுக்கும் செய்யலாம் என்றார்கள். அந்த ஊர்க்காரர்கள் சிலர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்கள். அவர்களிடம் சேஷன் இந்தியில் பேசினார், அவர்கள் சீனத்தில் பேசினார்கள், பேச்சு சாப்பாட்டைப் பற்றியது என்பதால் ஒரு சிக்கலும் வரவில்லை. புளியோதரை பற்றாமல் போனது அப்போதுதான். பதிலுக்கு அவர்கள் பால் கலக்காத தேநீரைக் குட்டிக் குட்டிக் கோப்பைகளில் ஊற்றிக்கொண்டே இருந்தார்கள். காமாக்ஷி மாமி ஒரு வாய் குடித்து, "கஷாயம் மாதிரி இருக்கு, ஜலதோஷத்துக்கு நல்லது" என்று பிளாஸ்க் நிறைய வாங்கிக்கொண்டாள்.

பிறகு ஷுன்பு என்னும் மீனவக் குடியிருப்பு. வீட்டுச் சுவரெல்லாம் ஆளி ஓடு. அங்கே பெண்கள் கொண்டையைச் சுற்றி வட்டம் வட்டமாகப் பூ வைத்திருந்தார்கள், மீன் கூடையைத் தூக்குகிறவளும் வைத்திருந்தாள், தெருக் கூட்டுகிறவளும் வைத்திருந்தாள். ஒரு முழம் மல்லிகைக்கு ஐ.என்.ஏ. மார்க்கெட் வரை போக வேண்டியிருக்கிற டெல்லிப் பெண்களுக்கு வயிறெரிந்துபோயிற்று. ஒருத்தர் விடாமல் வரிசையாக உட்கார்ந்து தலையைக் கொடுத்தார்கள். பெனிட்டா மட்டும் வேண்டாம் என்றுவிட்டாள். "எனக்கு எதுக்கு, யாரு பாக்க?" என்று சிரித்துக்கொண்டே செருப்பைக் கழற்றிவிட்டுக் கடலுக்குள் இறங்கினாள். சல்வார் நனைந்தது, அவள் கவலைப்படவில்லை. குனிந்து உள்ளங்கையில் தண்ணீர் எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்து, "உப்பு சரியா இருக்கு" என்றாள், குழம்பைப் பார்ப்பதுபோல. ஞானசீலன் கரையில் நின்றான். சந்தோஷத்தில் அவனுக்கு அழுகை வந்தது. இதுதான் நேரம், ஆள் இல்லை, மைக்கும் தேவையில்லை, வாயைத் திற என்று தனக்குத்தானே சொன்னான். அவள் திரும்பிப் பார்த்தாள். வாயைத் திறந்தான். "சிஸ்டர், நாலு மணிக்கு வண்டி" என்றான்.

சொன்னதும் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது. பூவாவது வாங்கிக் கொடுப்போம் என்று பூக்காரியிடம் ஓடினான். அவளோ பூவைத் தனியாக விற்க மாட்டேன், தலையைக் கொண்டுவா என்று சைகை காட்டினாள். இவன் தலையைக் கொடுத்தால் அதில் செருக இடமில்லை. கடலைக் காட்டினான், நெஞ்சைக் காட்டினான், ஆகாயத்தில் விமானம் போவதைக் கையால் காட்டினான். அவளுக்குப் புரிந்துவிட்டது. புரிந்ததோடு தெருவிலுள்ள மற்றப் பெண்களையும் கூப்பிட்டு எல்லாருக்கும் சொன்னாள். அவர்கள் கூடிநின்று சிரித்து, எந்த நிறம் என்று சண்டை போட்டு, கடைசியில் ஒரு பூவளையத்தைக் கட்டி முடித்தபோது பஸ்ஸைக் காணோம். எல்லா சீட்டும் "ஆச்சு" சொல்லியிருந்தது. விதிப்படி வண்டி கிளம்பிவிட்டது. ஊர் திரும்ப வழிகாட்டி எதற்கு? டெல்லிக்கு எங்கிருந்தும் போர்டு உண்டு.

ஞானசீலன் கடற்கரையில் பூவோடு நின்றான். கையில் மைக் இருந்தது. அதை அணைக்கவில்லை என்பது அவனுக்குத் தெரியாது. யாருமில்லாத இடத்தில் பழக்கதோஷத்தில் அதை வாயருகே கொண்டுபோய், "அன்பார்ந்த பயணிகளே" என்றான். "உங்கள் இடப்பக்கம் தெரிவது சீனக் கடல். வலப்பக்கம் நிற்கும் மடையன் ஞானசீலன், வங்கி ஊழியர். ஏழு வருடமாக ஒரு வார்த்தை சொல்லத் தெரியாதவன்." அதற்கு மேல் மைக் தமிழ் வரவில்லை. ஊர்ப் பேச்சு வந்துவிட்டது. "பெனிட்டா. இன்னைக்குத்தான் பேரச் சொல்லிக் கூப்பிடுதேன், அதுவும் நீ இல்லாத எடத்துல. எனக்கு ஒன்ன ரொம்பப் பிடிக்கும். அயர்லாந்துக்குப் போவாண்டாம்னு சொல்ல மாட்டேன். போ. அங்கயும் கடல் உண்டு, நான் படிச்சுப் பாத்தேன். ஏர்போர்ட்டுக்குக் கொண்டு விட வரட்டான்னு கேக்கணும்னு நெனச்சேன். அவ்வளவுதான்."

இந்த இடத்தில் ஜனக்புரிக்காரர்கள் ஒன்றைத் தவறாமல் சொல்வார்கள். காலையிலிருந்து அவன் மைக்கில் சொன்னதெல்லாம் நடந்தது. பெனிட்டாவுக்கு என்னைப் பிடிக்கும் என்று ஒரு வரி சொல்லியிருந்தால் அதுவும் நடந்திருக்கும். கழிப்பறைக்குச் சொன்னவன் அதைச் சொல்லவில்லை. சொல்ல அவனுக்குத் தோன்றியதாகவும், அது நியாயமில்லை என்று விட்டுவிட்டதாகவும் பிறகு ஒப்புக்கொண்டான்.

பஸ் அப்போது மறுபடியும் பனிக்குள் நுழைந்து, டெல்லிக்கு அருகே ஜேவர் சுங்கச்சாவடியை நெருங்கிக்கொண்டிருந்தது. ஒற்றை சீட்டுக்கடியிலிருந்த ஸ்பீக்கர் பெட்டி "அன்பார்ந்த பயணிகளே" என்று தொடங்கி அவ்வளவுதான் என்பது வரை ஒரு வார்த்தை விடாமல் சொல்லி முடித்தது. அப்போதுதான் அந்த சீட் காலி என்பதையே எல்லோரும் பார்த்தார்கள். பஸ்ஸுக்குள் என்ன நடந்தது என்று ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள். இனி வருவதில் மட்டும் எல்லோரும் ஒரே பேச்சு. சேஷன் எழுந்து நின்றார். இப்படியொரு சந்தர்ப்பத்துக்கு அவரிடம் விதி இல்லை. தெரிந்த ஒரே காரியத்தைச் செய்தார்: முன்னாலிருந்து ஒவ்வொரு சீட்டாக, "பக்கத்து சீட்டு?" ஆச்சு. "பக்கத்து சீட்டு?" ஆச்சு. காமாக்ஷி மாமியிடம் வந்தார். "பெனிட்டா ஆச்சு" என்றாள் மாமி. பெனிட்டா நனைந்த சல்வாரைப் பிழிந்தபடி ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். மாமி ஆச்சு என்று அவள் சொல்ல வேண்டும். சொல்லவில்லை.

"எனக்க பக்கத்து சீட்டு இன்னும் வரல்ல" என்றாள்.

"நான் இங்கதானேடி குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கேன்!" என்ற மாமி, அவள் முகத்தைப் பார்த்தாள். ஒரு நிமிடம் ஆகவில்லை. கஷாயப் பிளாஸ்க்கையும் மங்கி குல்லாயையும் பையையும் எடுத்துக்கொண்டு, பூ வைத்த தலையோடு முன்னால் போய் அந்த ஒற்றை சீட்டில் ஏறி உட்கார்ந்து, "சுக்பீர் பையா, காடி கொமாவோ, ஜல்தி" என்று வண்டியைத் திருப்பச் சொன்னாள். வழி தெரியாதே என்று சுக்பீர் தயங்கினார். ஆனால் பெட்டி பேசிக்கொண்டே இருந்தது. செய்வதற்கு வேறொன்றும் இல்லாத ஞானசீலன், சூரியன் இறங்குவதையும், படகுகள் திரும்புவதையும், பூக்காரிகள் கூடையைக் கவிழ்ப்பதையும் யாருக்கென்று தெரியாமல் வர்ணித்துக்கொண்டிருந்தான். சுக்பீர் அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டே பனிக்குள் வண்டியைத் திருப்பினார்.

பஸ் வந்து நின்றபோது ஞானசீலனுக்கு ஒன்றும் புரியவில்லை. மன்னிக்கணும், மன்னிக்கணும் என்று சொல்லிக்கொண்டு ஏறினான். யாரும் அவனைத் திட்டவில்லை, அது இன்னும் பயமாக இருந்தது. அவனுடைய சீட்டில் காமாக்ஷி மாமி கண்ணை இறுக மூடிக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள். அப்படி ஒரு பொய்க் குறட்டையை உலகத்தில் யாரும் விட்டிருக்க முடியாது. சேஷன் கையை நீட்டி அவனிடமிருந்து மைக்கை வாங்கி, அணைத்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பஸ் முழுக்க ஒரே ஒரு இடம்தான் காலி. அங்கே போய் விளிம்பில் உட்கார்ந்தான். பெனிட்டா அவன் மடியிலிருந்த பூவளையத்தை எடுத்துத் தன் கொண்டையைச் சுற்றி வைத்தாள். பிறகு, "ஏர்போர்ட்டுக்கு வரலாம்" என்றாள். அவனுக்கு எல்லாம் புரிந்து காது சிவந்துபோயிற்று.

"பக்கத்து சீட்டு?" என்று சேஷன் முன்னாலிருந்து வந்தார். ஆச்சு, ஆச்சு, ஆச்சு. பெனிட்டா "ஆச்சு" என்றாள். ஞானசீலனின் முறை வந்தது. மைக் இல்லை. முன்னால் மாமியின் குறட்டை நின்றுவிட்டது.

"பெனிட்டா ஆச்சு" என்றான் ஞானசீலன். கடைசி சீட் வரைக்கும் கேட்டது.

பொதுக்குழு சுவான்ஜோவுக்கு ஒரு மனதாகப் பின்னொப்புதல் அளித்தது. வழிகாட்டியின் சீட்டுக்கு டிரைவரே பக்கத்து சீட்டாகக் கருதப்படுவார் என்று விதியும் திருத்தப்பட்டது. பெனிட்டா டப்ளினுக்குப் போனாள், அங்கே இரண்டு வருடம் வேலை பார்த்தாள். வங்கிக்கு விடுமுறையான சனிக்கிழமைகளில் ஞானசீலன் சுக்பீரின் வண்டியில் ஏறி, பனியோ வெயிலோ, டப்ளின் துறைமுகத்தை வர்ணித்துக்கொண்டே போய், திங்கட்கிழமை கவுன்டர் திறக்குமுன் திரும்பிவிடுவான். அங்கே எந்நேரமும் மழை, வைப்பர் தேய்ந்துபோகிறது என்பது சுக்பீரின் ஒரே குறை. இப்போது பெனிட்டாவும் ஞானசீலனும் சேர்ந்து ஜனக்புரியில் குடியிருக்கிறார்கள். பொங்கல் சுற்றுலா வழக்கம்போல நடக்கிறது, புளியோதரை கொஞ்சம் கூடுதலாகக் கட்டுகிறார்கள். ஆக்ராவுக்கு யாரும் போவதில்லை. அங்கே கடல் கிடையாது.